பெட்டியில் இல்லாத சட்டை

"அனங்கான் பாடில்லா" என்றார் டாக்டர். மலையாளத்தில் அசையவே கூடாது என்று அர்த்தம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டிருக்கிறதாம். ரத்தம் உடைத்துக்கொண்டால் எனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. விமானம் ஏறக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, குளியலறை வரைக்கும் நடக்கலாம். கோயில் குளம் எல்லாம் சுற்றி, நாற்பதை நெருங்கும்போது வந்த கரு. நான் அசைவேனா?

ஆனால் எனக்குச் சும்மா இருக்கவும் தெரியாது. அது பிறவிக் கோளாறு.

ஷார்ஜா அல் நஹ்தாவில், உயரமான கட்டடம் ஒன்றின் நடுமாடியில் இருந்தோம். ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. ஆகஸ்டு மாதம், திறந்தாலும் உள்ளே வருவது அடுப்படிக் காற்றுதான். எதிரே இன்னொரு கட்டடம், அதிலும் வரிசையாக மூடிய ஜன்னல்கள். கணவருக்கு ஜபல் அலியில் டியூட்டி. விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். போகும்போது கட்டில் பக்கத்தில் ஃபிளாஸ்க், தயிர்சாத டப்பா, ரெண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார். வண்டலூரில் கூண்டுக்குள் வைப்பார்களே, அப்படி. அம்மா வரலாமென்றால் அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகி, புதுசு இதோ வருது அதோ வருது என்று இழுத்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம்தான் அழுவது? மிச்ச நேரத்துக்கு ஃபோன் இருந்தது. அதில்தான் எங்கள் தெருவைத் தேட ஆரம்பித்தேன்.

அப்பா வழி முன்னோர்கள் விக்டோரியா மகாராணி காலத்தில் மெட்ராஸ் ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவில் குடியிருந்தவர்கள். துறைமுகத்தில் ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். தெருப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் சித்தப்பா சண்டைக்கு வருவார். அப்பா சொல்லிச் சொல்லி வீட்டு நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம். எங்களுக்கு இங்கே விலாசம் என்று ஒன்று கிடையாது. 'கிராசரிக்கு மேலே, கிளினிக்குக்குப் பின்னாலே' என்று சொல்லித்தான் பிரியாணி வரவழைக்கிறோம். அதனாலேயோ என்னவோ, அந்த நம்பர்மீது எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது.

வெளிநாட்டு நூலகம் ஒன்றின் இணையதளத்தில் அந்தத் தெருவின் பழைய புகைப்படம் கிடைத்தது. ஒரு ஜட்கா வண்டி, தலைப்பாகை கட்டிய ஆண்கள், அசைந்ததால் கலங்கிப்போன ஒரு நாய். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பொம்பளை கிடையாது. அத்தனை பேரும் வீட்டுக்குள்ளே இருந்திருக்கிறார்கள், என்னைப் போலவே.

பிறகு ஃபோன் வரைபடத்தில் இன்றைய தெருவில் விரலால் நடந்தேன். எங்கள் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டேன்! நீலக் கதவு, மாடியில் மரக்கிராதி, அழகென்றால் அப்படி ஓர் அழகு. தினமும் போய் அந்த வாசலில் நின்றேன். "இன்னிக்கு மாமனார் வீட்டுல என்ன விசேஷம்?" என்று கணவர் கிண்டல் செய்வார்.

வண்ணாரப்பேட்டையிலிருக்கும் சித்தப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.

"அடி அசடே, இது புது நம்பரும்மா! உங்கப்பா சொல்றது பழைய நம்பரு. நம்ம வீடு எதிர்ச்சாரில, நாலு வீடு தள்ளி."

மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவள் நான். வாசலுக்கு வாசல் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு எழுதி வைத்திருக்கிற ஊர்! யார் வீட்டுக் கதவையோ பார்த்து இத்தனை நாள் உருகியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

சித்தப்பாவுக்குச் சூடு பிடித்துக்கொண்டது. மறுநாளே ஸ்கூட்டரில் போய் அங்கிருந்து வீடியோ கால் போட்டார். நிஜமான எங்கள் வீடு இப்போது வண்ணக் காகித மொத்த வியாபாரிக்குக் குடோன். கடைக்காரர் நல்ல மனுஷர், உள்ளே விட்டார். மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து கொல்லைப்பக்கம் போனார் சித்தப்பா. மூடிய கிணறு. அதை ஒட்டி ஓர் உள் அறை. டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு கட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஜன்னலே இல்லை.

"இது என்ன ரூம் சித்தப்பா?"

"இதாம்மா பிள்ள பெக்குற ரூம். நம்ம பூவாடைக்காரி இதுலதான்..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "சிக்னல் சரியில்லம்மா, வைக்கிறேன்."

சிக்னல் பிரமாதமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பூவாடைக்காரி என்றால், சுமங்கலியாகச் செத்துத் தெய்வமான பெண். வருஷத்துக்கு ஒரு தரம் அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைத்து, மூங்கில் பெட்டியில் மூடி வைப்போம். அவள் எப்படிச் செத்தாள் என்று நான் கேட்டதே இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதிவிட்டேன்.

அன்று முழுக்க அந்த அறையை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சுவர், திறந்தால் இந்தச் சுவர். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் மூச்சு முட்டியது. அவளையும் அசையாதே என்று சொல்லித்தான் படுக்க வைத்தார்களோ? கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவங்க பிரசவத்துலயா போனாங்க?"

"உங்க சித்தப்பன் வாய்க்குப் பூட்டுதான் போடணும்" என்றாள் அம்மா. "நீ வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிம்மதியாக் கிடயேன்டி."

"குழந்தையும் போயிடுச்சாம்மா? அத மட்டும் சொல்லு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நம்ம பெட்டியில என்னிக்காவது சின்னச் சட்டை பாத்திருக்கியா?"

"இல்ல. புடவையும் ரவிக்கைத் துண்டும்தான் இருக்கும்."

"புள்ளையும் போயிருந்தா புடவையோட ஒரு சின்னச் சட்டையும் வைப்பாங்க. நமக்கு வைக்கிற வழக்கமே இல்ல. அப்படின்னா என்ன? புள்ள பொழைச்சுது. உங்கப்பாவோட தாத்தாதான் அது. அது இல்லன்னா உங்கப்பா ஏது, நீ ஏது, உன் கேள்வி ஏது? போய்ச் சாப்பிடு."

சாப்பிட்டேன். நல்ல சேதிதான், பிள்ளை பிழைத்தது. ஆனால் தயிர்சாத டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டேன். பிள்ளை வெளியே வந்துவிட்டது, அவள்தான் பெட்டிக்குள் போய்விட்டாள். அப்படியும் நடக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கப்புறம் தெருவைத் தேடவில்லை. ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு மதியம், பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, படுக்கை நனைந்தது. பார்த்தால் ரத்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், கணவரைக் கூப்பிட்டேன். அவர் பாதி வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாமே மூட்டம். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் நர்ஸ் ஃபோனை என் காதில் வைத்தாள். மறுமுனையில் அம்மா.

"அம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பெட்டியில புடவை மட்டும் வை. சட்டை வைக்கிற மாதிரி ஆகக் கூடாது. நீ வேண்டிக்க."

"வாயைக் கழுவுடி!" அம்மா கத்திய கத்தலில் நர்ஸே திடுக்கிட்டாள். "உனக்கு நான் புடவை எடுக்கிறது நீ கட்டிக்க. வச்சுக் கும்பிட இல்ல. போய்ப் பெத்துக்கிட்டு வா."

பெற்றுக்கொண்டு வந்தேன். ரத்தம் ஏற்றினார்கள், நிறைய. பெண் குழந்தை; குறைமாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இதுவும் பெட்டியா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் வீட்டுக்கு வந்த வாரம்தான் அம்மாவும் வந்து இறங்கினாள்.

சூட்கேஸிலிருந்து பருப்புப்பொடி, பிள்ளை மருந்து எல்லாம் எடுத்து வைத்த பிறகு, மடிப்பில் பழுப்பேறிய ஒரு மஞ்சள் நூல் புடவையை வெளியே எடுத்தாள். பெட்டியில் புதுசு வைக்கும்போது பழைய புடவையை எடுத்து வீட்டுப் பெண் யாராவது கட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமும் பெட்டியில் கிடந்து பழசான புடவையை யார் கட்டுவார்கள் என்று நான் நழுவிவிடுவேன்.

"இந்த வருஷம் உன் முறை" என்றாள் அம்மா. மறுபேச்சில்லாமல் உள்ளே போய்க் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் குழந்தை அம்மாவின் மடியில் மஞ்சளாகக் கிடந்தது. அந்தப் புடவையோடு பெட்டியில் வைத்த ரவிக்கைத் துண்டில் அம்மா ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கை ரெண்டும் தொளதொளவென்று தொங்கின.

"பெட்டியில வைக்கிற மாதிரி ஆகக் கூடாதுன்னியே" என்றாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "அதான், இவளுக்குப் போட்டுட்டேன்."

நான் வாய்விட்டு அழுதேன். அம்மா திட்டவில்லை.