பதினெட்டு மில்லிமீற்றர்

என் மனைவி பாலாம்பிகை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய தலையிடி என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் கறியில் உப்புக் கூடியிருந்தாலும் நாங்கள் எல்லாரும் "நல்லாயிருக்கு" என்று தலையாட்டுவோம். இவள் மட்டும், "உப்புக் கூடிப்போச்சு அக்கா" என்பாள். திரும்பி வரும்போது காருக்குள் எங்களுக்குள் சண்டை நடக்கும்.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து பத்து வருடம் அலுவலகங்களில் நிலம் துடைத்தாள். பிறகு ஒருநாள், முப்பத்தெட்டு வயதில், மரவேலையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாள். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பெடியள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று வருடத்தில் சான்றிதழைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதோடு என் சிரிப்பு நின்றது.

வேலை கிடைத்தது நீமன் என்பவரின் சின்னப் பட்டறையில். அங்கே ஒரு சி.என்.சி. மெஷின் இருந்தது. கணினியில் அளவுகளைக் கொடுத்துவிட்டால் பெரிய பலகையைத் தானே வெட்டித் தள்ளும். அந்த மெஷினைப் பற்றி இவள் பேசும்போது காட்டுகிற மரியாதையில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் நான் இன்னும் நல்ல மனிதனாக இருந்திருப்பேன்.

2006ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நீமனுக்கு ஹாலோவீன் விளக்குக் கூடுகள் செய்யும் வேலை வந்தது. பேய்முகம் வெட்டிய நான்கு பக்கம், அடியில் சின்ன மெழுகுதிரி வைக்க ஒரு குழி, மேலே சூடும் புகையும் போக எழுபது மில்லிமீற்றர் துளையுள்ள மூடி. ஒரு பலகையில் பத்துக் கூட்டுக்கான துண்டுகளை நெருக்கி அடுக்கி வெட்டுவாள். முதல் தொகுதி, இருநூறு கூடு, கடைகளுக்குப் போனது. இரண்டாவது தொகுதி நாற்பதுதான், ஒரு கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் ஏற்றிப் பார்த்தாள். காற்றுக்கு அணைந்தது. திரும்ப ஏற்றினாள். திரும்பவும் அணைந்தது. மூன்றாவது முறை அணைந்தபோது அவள் முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஏற்றிய விளக்கு தானாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"சின்னப் பிள்ளையளின்ரை வீட்டு வாசலிலை வைக்கிற விளக்கு. இப்பிடி நூந்து நூந்து போனால் நல்லதே?" என்றாள்.

"வெள்ளைக்காரனுக்கு அதெல்லாம் ஒண்டும் செய்யாது. நீர் வந்து தேத்தண்ணியைப் போடும்" என்றேன்.

அடுத்தநாள் அவள் என்ன செய்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒக்டோபர் முப்பத்தொன்று, ஹாலோவீன் நாள், பின்னேரம் மூன்றே முக்கால். பேக்கரியில் காலை வேலை முடித்து வந்து நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். கீறல் விழுந்ததால் கழித்துவிட்ட ஒரு கூட்டை, இரண்டாவது தொகுதியில் ஒன்றை, இவள் கொண்டுவந்து குசினி மேசையில் ஏற்றிவைத்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. ஏதோ தீய்கிற மணம் வந்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை. எழும்பிப் போய்க் கூட்டுக்குள் குனிந்து பார்த்தேன். மூடியின் அடிப்பக்கம் கரிக்கட்டையாக இருந்தது. துளையின் விளிம்பில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. இவளைக் கத்திக் கூப்பிட்டேன்.

பாலாம்பிகை ஓடிவந்து கூட்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, "நான்தான்" என்றாள். "எழுபதாயிருந்த துளையைப் பதினெட்டாக்கினது நான்தான். காத்து உள்ளுக்கை வராமல் இருக்கட்டும் எண்டு."

"ஆரைக் கேட்டுச் செய்தனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

நாற்பது வீடுகள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டினதும் நாற்பது வீட்டிலும் விளக்கு ஏறும். இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்த்தோம்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான் சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும். "பேசாமல் இரும். மெஷின் பிழை எண்டு நினைப்பினம். ஆர் மாத்தினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வேலையும் போய், வழக்கும் வந்தால் என்ன செய்யிறது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினேழு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. போனை எடுத்து நீமனுக்கு அடித்தாள். நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அந்த மனுசன் கத்தியது எனக்கு நாலு அடி தள்ளிக் கேட்டது. கத்தி முடித்தபிறகு கிண்டர்கார்டன் ஆசிரியையிடம் பெயர்ப் பட்டியலை வாங்கினார். ஆசிரியை ஒவ்வொரு வீடாகப் போன் எடுப்பது, இருபது வீட்டுக்கு நீமன் நேரில் போவது, மற்ற இருபதுக்கும் நாங்கள் போவது என்று முடிவானது.

"இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ" என்றாள். கையில் பற்றரித் துளைகருவியும் பெரிய வட்டத் துளை போடும் அலகும் இருந்தன.

ஆசிரியையின் போன் போய்ச் சேரமுதலே பல வீட்டுக்கு நாங்கள் போய்விட்டோம். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஹாலோவீன் அன்று வாசல் மணி அடிக்கிறது. இனிப்புக் கேட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறார்கள். அங்கே நீல வேலையுடுப்போடு ஒரு தமிழ்ப் பெண், கையில் துளைகருவி. ஒரு அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒருவர், "நல்ல வேசம்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொருவர் இவள் வாய் திறப்பதற்குள் சொக்கிலேட்டைக் கையில் திணித்துவிட்டார்.

எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான். "இந்தக் கூட்டை நான் பிழையாகச் செய்துவிட்டேன். தீப்பிடிக்கும். மன்னியுங்கள். இரண்டு நிமிடத்தில் சரியாக்குகிறேன்." ஏழு வீட்டில் ஏற்கெனவே விளக்கு எரிந்தது. வீட்டில் சாமி விளக்கைப் பூவால் அமர்த்துகிறவள், அந்த ஏழையும் வாயால் ஊதி அணைத்தாள். ஒருவர் வழக்குப் போடுவேன் என்று சொல்லி அவளுடைய முழுப்பெயரையும் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இருபதாவது வீட்டில் ஆசிரியையின் போனை யாரும் எடுக்கவில்லை என்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர ஆறு இருபது. கீழ்த்தட்டு வீடு. யன்னலுக்கு உள்ளே கூடு எரிந்துகொண்டிருந்தது. மூடிக்கு ஒரு சாண் தள்ளித் திரைச்சீலை தொங்கியது. மூடியில் இருந்து மெல்லிய புகை வந்தது. மணி அடித்தோம். கதவு திறக்கவில்லை. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பூனை மீசை கீறிய ஒரு சின்னப் பெண் பிள்ளை வந்து நின்றாள். ஆறு வயது இருக்கும்.

"அம்மா கடைக்குப் போய்விட்டார். யாருக்கும் திறக்கக் கூடாது" என்றாள்.

"திறக்க வேண்டாம். விளக்கை மட்டும் ஊதி அணை" என்றாள் பாலாம்பிகை.

"மாட்டேன். அது என்னுடைய விளக்கு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடியில் ஓங்கி அடித்து, "அணை" என்று கத்தினேன். பிள்ளை பயந்து உள்ளே ஓடி மறைந்துவிட்டாள். கூடு எரிந்துகொண்டே இருந்தது.

பாலாம்பிகை என்னைத் தள்ளிவிட்டு யன்னலோடு முழங்காலில் இருந்தாள். "பூனைக்குட்டி, இந்த மாமா இனிக் கத்தமாட்டார். உன் விளக்கைச் செய்தது நான். பிழையாகச் செய்துவிட்டேன். இப்போது அணைத்தால், சரியாக்கித் தருவேன். பிறகு நீ திரும்பவும் ஏற்றலாம்."

பிறகு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிள்ளை ஏறி நின்று ஊதினாள். அணையவில்லை. திரைச்சீலை அசைந்து மூடியில் பட்டு விலகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் முறை ஊதியபோது அணைந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாய்க்காரி இரண்டு பையோடு வந்தாள். தன் பிள்ளையின் யன்னலில் முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒருத்தி கையில் துளைகருவி. பொலிசைக் கூப்பிடப் போகிறேன் என்றாள். பாலாம்பிகை விசயத்தைச் சொன்னாள். தாய் உள்ளே ஓடிப்போய்க் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியை விரலால் தொட்டாள். மரம் பொடிந்து விரல் உள்ளே போய்விட்டது.

"இதை யார் செய்தது?" என்று கேட்டாள்.

"மெஷினில் ஒரு கோளாறு" என்று நான் முந்திக்கொண்டேன்.

"மெஷினில் ஒன்றும் இல்லை. அளவை மாற்றியது நான்" என்றாள் பாலாம்பிகை.

தாய் அவள் கன்னத்தில் அறைந்தாள். சும்மா தட்டு இல்லை, நல்ல அறை. கார் நிறுத்துகிற இடத்துக்கே அடிபிடிக்குப் போகிறவன் நான். அன்றைக்கு ஒரு அடி பின்னால் போனேன். பாலாம்பிகை கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "திரைச்சீலையையும் ஒருக்கால் தொட்டுப் பாருங்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம்" என்றாள்.

தாய் போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் எத்தனை வீடு இருக்கிறது?" என்று கேட்டாள்.

நீமன் தன் இருபது வீட்டையும் முடித்துவிட்டதாக வழியிலேயே போன் எடுத்திருந்தார். பாலாம்பிகை பட்டியலைப் பார்த்தாள். "இதுதான் கடைசி" என்றாள். அதைச் சொன்னபிறகுதான் துளைகருவியைக் கீழே வைத்தாள். படியில் இருந்துகொண்டு விம்மி விம்மி அழத் தொடங்கினாள். நான் கிட்டப் போவதற்குள், அறைந்த அந்தப் பெண்தான் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.