முள் அசையாத கூடை

நான் பொய்யே சொல்லாத ஆள் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம், கூடைக்கென்று கொஞ்சம் கழித்தே பழகிய கணக்கப்பிள்ளை தன்னை அரிச்சந்திரன் என்று சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கும். ஆனால் இது பொய்யில்லை. மாதா மேல் சத்தியம். பட்டப்பகலில், என் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது.

தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் மலைக்குப் போய் வருகிறார்கள். நானுஓயா ஸ்டேசனிலிருந்து நடந்து போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருசம் 1953, ஏப்ரல் மாதம். நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்களும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களும் சேர்ந்து எங்கள் தோட்டத்து ரோட்டில் கார் ரேஸ் வைத்தார்கள். பெக்டரி கேட்டிலிருந்து துரை பங்களா வரைக்கும் ஏற்றம். ஒவ்வொரு காராக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் மேலே போகிறாரோ அவருக்கு வெள்ளிக் கிண்ணம்.

"ரேஸு பகலைக்கு மேலதான். நிறுவை முடிஞ்சதும் யாரும் ரோட்டுப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது" என்று காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கொழுந்து குவிகிற காலம், அதனால் வேலையை நிறுத்தவில்லை.

நிறுவை எங்கள் தோட்டத்தில் சங்குக்குத்தான். பெக்டரிச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதும். ஊதியதும் பெண்கள் கூடையோடு என்னுடைய தகரக் கொட்டிலுக்கு வந்துவிட வேண்டும். கொட்டில் ரோட்டுக்கு மேலே இருந்தது. கீழ்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் ரோட்டைக் கடந்து ஏறி வரவேண்டும். பிந்தி வந்தால் நிறுக்க மாட்டேன். நிறுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அது தோட்டத்துச் சட்டமில்லை, என் சட்டம். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். அந்த வயதில் என்னிடம் அதிகாரம்தான் இருந்தது.

சுகிர்தம் கீழ்மலைக்காரி. கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். நடுவில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவதால், நிறுவைக்கு எப்போதும் கடைசி ஆள் அவள்தான். ரேஸுக்கு முதல் நாள் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கும் பிந்தினா அரைப் பேருதான். சொல்லிட்டேன்."

"இல்லங்கய்யா. நாளைக்குச் சங்கு ஊதுனதும் ஓடியாந்துர்றேன்" என்றாள்.

ரேஸ் அன்று காலையிலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று சங்கு ஊதியது.

என் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

எங்கள் தோட்டத்தில் சங்கைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவோம். கடிகாரத்தைப் பார்த்துச் சங்கைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. முள்ளைத் திருப்பிப் பன்னிரண்டில் வைத்துக்கொண்டேன்.

கீழே ஒரு கார் உறுமியது. தொடர்ந்து... 'டமார்' என்று ஒரு சத்தம். தகரக் கதவை யாரோ அறைந்து சாத்தியது மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. துரைமார் காரைச் சோதித்துப் பார்க்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

மேல்மலைப் பெண்கள் வந்தார்கள். நிறுத்தேன். போனார்கள். கீழ்மலையிலிருந்து ஒருத்திகூட வரவில்லை. ரேஸ் பார்க்க நின்றுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரட்டும், எல்லோருக்கும் அரைப் பேர் என்று முனகிக்கொண்டே தராசைக் கழற்றப் போனேன்.

அப்போது பெட்ரோல் வாசம் அடித்தது.

கொழுந்து மலையில் பெட்ரோல் வாசம் எங்கிருந்து வரும்? திரும்பிப் பார்த்தேன்.

சுகிர்தம் நின்றிருந்தாள்.

அவள் ஏறி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஈரப் படியில் யார் ஏறினாலும் சளக் சளக் என்று கேட்கும். காலைப் பார்த்தேன். சேறு இல்லை. கழுவித் துடைத்த கால் மாதிரி வெளுத்து இருந்தது.

"ஐயா... நிறுங்க."

மூச்சு வாங்கவில்லை அவளுக்கு. ஏற்றம் ஏறி ஓடி வந்தவள்... மூச்சே வாங்கவில்லை.

"இதான் ஓடியாற நேரமா?" என்றேன்.

"ஓடித்தாங்கய்யா வந்தேன்."

தலையில் மாட்டுகிற கூடைக் கயிறு அறுந்து, இரண்டு துண்டும் தோளின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கூடை முதுகிலேயே இருந்தது.

அது எனக்கு உறைக்கவில்லை. கோபத்தில் கண் தெரியாது என்பார்கள். உண்மைதான்.

கூடையைக் கொக்கியில் மாட்டினாள். முள் அசையவில்லை.

தராசைத் தட்டினேன். அசையவில்லை.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு இலைகூட இல்லை.

"வெறுங்கூடையக் கொண்டாந்து நிறுக்கச் சொல்றியா? நேரமாச்சு. நாளைக்கு வா, போ."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. கோபப்படவில்லை.

"நாளைக்கு வர்றேங்கய்யா."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது படி... நான்காவது படி... பிறகு பனிமூட்டம்தான் இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வெறுங்கூடை என்றாலும் அதற்கு ஒரு கனம் உண்டே? முள் கொஞ்சமாவது ஆட வேண்டுமே...

எட்டிப் படியைப் பார்த்தேன்.

கீழேயிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். சளக்... சளக்... சளக்...

கங்காணி சோலைமலை. வாய் கோணி அழுதுகொண்டு வந்தான்.

"ஐயா... சுகிர்தத்தக் காரு அடிச்சிருச்சுங்க."

"எப்ப?"

"சங்கு ஊதுனதுமே. மொதக் காரு."

"உசுரு?"

"அந்த எடத்துலயே..."

"இப்பத்தானே இங்க நின்னா!"

சோலைமலை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். அவன் வேதக்காரன் இல்லை, இந்துக் கோயில் கும்பிடுகிறவன். என்னைப் பார்த்துப் பயந்துதான் போட்டான்.

பிறகு விசயம் தெரிந்தது. பனிமூட்டம் கூடுவதைப் பார்த்துத் துரைமார் ரேஸை முன்னால் தள்ளிவிட்டார்கள். கீழே கொடி அசைத்தால் பங்களாவில் நேரம் பார்க்கிறவருக்குத் தெரியாது. சங்கு ஊதினால் மேலே கேட்குமே என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார். பெக்டரிக்குச் சொன்னவர்கள் மலைக்குச் சொல்லவில்லை. கீழ்மலைப் பெண்கள் நிறுவைச் சங்கு என்று நினைத்துக் கிளம்பினார்கள். மற்றவர்கள் கார் சத்தம் கேட்டு ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். முன்னால் ஓடியவள் ஒருத்திதான். என் வாய்க்குப் பயந்து ஓடியவள்.

நான் இறங்கிப் போனபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு அறுந்த கூடை வடிகானில் கிடந்தது. அவள் எடுத்த கொழுந்து ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. ரத்தத்தை மட்டும் மணல் போட்டுக் கழுவிவிட்டு ரேஸை நடத்தினார்கள். மறுபடி சங்கு ஊதியது. அடுத்த கார் அந்தக் கொழுந்தின் மேல் ஏறிப் போனது. நசுங்கிய பச்சைக் கொழுந்து வாசம் மூக்கில் ஏறியது. குனிந்து ஒரு கைப்பிடி அள்ளியிருக்கலாம் நான். அள்ளவில்லை. துரைமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் ஆப்பீசில் பேர் போடும்போது, நிறுவை இல்லாததால் அவளுக்கு அரைப் பேர் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கை தானாகப் போட்டது. செத்தவளுக்கும் அரைப் பேர் போட்ட பாவி நான்.

மறுநாள் ஞாயிறு, வேலையில்லை. திங்கட்கிழமை சங்கு ஊதியபோது நான் கொட்டில் பக்கமே போகாமல், காய்ச்சல் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வா என்று சொன்னவன் நான்தானே. அந்த மாதம் முடிவதற்குள் அவரைப் பிடித்து இவரைப் பிடித்துப் பொகவந்தலாவைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு ஓடிவிட்டேன். வருசா வருசம் அவள் பேருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன். கொட்டிலில் நான் அவளிடம் சொன்ன வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூட இல்லை.

1960இல் ஒரு நாள் ஹட்டனில், முனாப் நானாவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் பேச்சுக் கொடுத்தான். பேர் கணேசமூர்த்தி. என்னுடைய பழைய தோட்டத்தில் புதுக் கணக்கப்பிள்ளை. வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நானும் அங்கே கொழுந்து நிறுத்தவன் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, அந்தக் கீழ்மலையில ஒரு பொம்பள இருக்காளே, தெரியுமா? எல்லாரும் போனப்பறம் கடைசியா வர்றா. கூடைக் கயிறு அறுந்து தொங்குது. ஏம்மா பிந்தி வர்றேன்னா, 'முந்தின ஐயா இன்னைக்கு வரச் சொன்னாருங்க'ங்கிறா."

கோப்பையைக் கீழே வைத்தேன். அவனிடம் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"தம்பி... நிறுத்தியா?"

"வெறுங்கூடைய எங்கண்ணே நிறுக்கிறது?" என்று சிரித்தான். "நேரமாச்சு, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பிட்டேன்."