கையில் நிற்காத வில்லை

இன்று மாலை, நாடகக் கம்பெனியில் மாண்டலின் வாசிக்கும் சோலைமலையுடன் வாத்தியக் கடைக்குப் போனேன். விரலிடுக்கில் பிடித்துத் தந்தி மீட்டும் சின்னத் தகடு, அந்த வில்லை, மேடையிலேயே கைநழுவி விழுகிறதாம். இன்னொரு முறை விழுந்தால் வேலை போய்விடும்.

யுத்தம் வந்ததிலிருந்து செல்லுலாய்டு வில்லை வருவதில்லை. கடைக்காரர் தேங்காய்ச் சிரட்டையில் இழைத்ததைக் கொடுத்தார். நாதம் மந்தம், நழுவியது. எருமைக்கொம்பு கணீரென்றது, அதுவும் நழுவியது.

"இன்னும் கனமா குடுங்கண்ணே. பிடிச்ச மாதிரியே தெரியல."

"இதுக்கு மேல கனம்னா செருப்புத்தோல்தான் மாப்ள," என்று சிரித்த கடைக்காரர் சட்டென்று நிறுத்தினார். "என்னய்யா, பெருவிரல்ல இம்புட்டு ரத்தம்?"

தந்தி விரலை அறுத்திருந்தது. சோலைமலை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்கவே இல்லியேண்ணே."

பிறகும் கொம்பு வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டார்.

நல்ல வில்லை எதுவென்று தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள். நல்ல வைத்தியரைத் தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.