சங்கு புதைத்த மணல்

மகள் கடற்கரையில் பொறுக்கிய சங்கைப் பொலித்தீன் பையிலிருந்து வெளியே எடுத்ததும், உள்ளே செத்துக் கிடந்த சதையின் நாற்றம் எங்கள் வவுனியா வாடகை வீடு முழுக்கப் பரவியது. அந்த நாற்றத்தோடு தலைமன்னார்ப் பக்கத்து எங்கள் பழைய வீட்டு வளவின் பின்புறமும், அங்கிருந்த உடைமர நிழலும், மத்தியான வெயிலுக்கு அதில் வந்து ஒதுங்கும் கழுதைகளும், காற்று ஓயாமல் அள்ளிக் கொட்டிய வெள்ளை மணலும் வந்தன.

சதையை எடுக்கச் சங்கை அவித்தால் நிறம் மங்கிவிடும் என்பாள் அம்மா. வாய் கீழே பார்க்க, ஈரமில்லாத மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டால் சதையை எறும்பு தின்று தீர்த்துவிடும். பிறகு கழுவித் தேங்காய் எண்ணெய் பூசினால் மினுங்கும். நானும் தங்கச்சியும் காலையில் பல் தீட்டியபடியே அடையாளத்துக்கு நட்ட குச்சிகளைச் சுற்றிச் சுற்றி வருவோம், தோண்டிப் பார்க்கக் கை துடிக்கும், அதற்குள் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்:

"கிளறாதேங்கோ பிள்ளையள், பத்து நாள் பொறுங்கோ."

கடைசியாகப் புதைத்த சங்குக்கு ஏழாம் நாள், சண்டை ஊருக்குள் வந்துவிட, உடுத்த உடுப்போடு இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினோம். "வந்து எடுக்கலாம்" என்றாள் அம்மா. முகாமில் இருபது வருடம் போனது. அம்மாவை அங்கேயே புதைத்தோம். நான் திரும்பி வந்தபோது வளவு இருந்த இடத்தில் கடல் நின்றது.

"மணம் போக எத்தனை நாள் செல்லும்?" என்று மகள் கேட்டாள்.

நான் சங்கை அவிக்க அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.