பேசும் சோப்பு டப்பா

எண்பதுகளில் லிங்கிப் பக்கத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. ஒரு மத்தியானம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை. கேட்கலாமென்று ஆற்றோரப் பம்ப் வீட்டுக்குப் போனேன். பம்ப் நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள், தொப்பை மேல் எலக்ட்ரிக் கித்தாரைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

காலடியில், கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல். சிரம்பானில் பாகங்களாக வாங்கி, தானே ஈயம் பற்றவைத்து, பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் அடைத்திருந்தார். அது ரேடியோவையும் சேர்த்து இழுக்கும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்தபோது ஸ்பீக்கரில் தமிழ்ச் செய்தி வந்து, பந்தலே சிரித்தது.

“தகர டின்னுல வெச்சா ரேடியோ வராதாமே, அண்ணே?”

“தெரியும்லா கிராணி. இனி கல்யாணத்துக்கு டின்னுதான். இங்க சோப்பு டப்பா. நாள் பூரா ஒத்தையா கெடக்கேன், யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா நல்லாருக்குல்ல?”

இப்போதும் ஸ்பீக்கரில் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் மூச்சுவிடும் இடத்திலெல்லாம் இவர் ஒரு கம்பியைத் தட்டி ‘உம்’ கொட்டினார். கடைசியில் அவர் வணக்கம் சொன்னார். இவரும் எல்லாக் கம்பிகளையும் மீட்டி வணக்கம் வைத்தார். பிறகு நிதானமாக எழுந்துபோய்ப் பம்ப்பைப் போட்டார்.

“அது ஓடுனா செய்தி கேக்காதுலா” என்றார்.

லயத்தில் என்னிடம் காரணம் கேட்டார்கள். “அண்ணன் யார்கூடவோ பேசிக்கிட்டிருந்தாரு” என்றேன்.