ஆண்டவர் பந்தியில் களி

அப்பாடா!

ஒரு வாளி சுண்ணாம்பு நிறைய வந்து, சொட்டுக்கூடக் குறையாமல் திரும்பிப் போனதற்காக யாராவது பெருமூச்சு விடுவார்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் விட்டேன். என் பக்கத்தில் நின்ற சவரிமுத்து விடவில்லை. அவனுக்கு மூச்சே அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சவரி என் சிநேகிதன். தங்கச் சுரங்கத்துக்குள், பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தான். கொடுத்த முட்டில் எல்லாம் கரியால் முகம் வரைந்து வைப்பான். அடுத்த ஷிப்டில் இறங்குகிறவன் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தால், மரத்திலிருந்து அவனுடைய மேஸ்திரியே முறைப்பார். எத்தனை பேர் அலறியிருக்கிறார்கள்!

அலறாதவர் ஒருவர்தான். எங்கள் சுரங்கத்து இத்தாலிக்காரத் தொரை. பெயர் பெப்பே. ஆமாம், பெப்பேதான். அந்தப் பெயரை நான் சிரிக்காமல் சொன்னதே இல்லை. அந்தத் தொரை, 'இது பூமிக்குக் கீழே இருக்கவேண்டிய கை இல்லை' என்று சொல்லி, லீவில் ஊருக்குப் போகும்போது சவரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்டீமர் ஏறி, இத்தாலிக்கு! படம் எழுதப் படிக்க!

"படம் எழுத கடல் தாண்டணுமாடா? நம்ம ராபர்ட்சன்பேட்டையில செவுரே இல்லியா?" என்று கேட்டேன். பொறாமைதான். வேறென்ன?

இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தான். தலையில் தொப்பி இல்லை. பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண்டாட்டி இல்லை. அதில் ரோசம்மாவுக்கு — அதாவது அவன் பெண்சாதிக்கு — ரொம்ப நிம்மதி. கையில் ஒரு கட்டு பிரஷ், வாய் நிறையக் கதை. அவ்வளவுதான்.

சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் மொத்தமும் அவன் வாசலில் கூடிவிட்டது. முதல் கேள்வி என்ன என்று நினைக்கிறீர்கள்? படமா? படிப்பா?

"இன்னாடா துன்ன அங்க?"

"மொதல்ல பெப்பே தொரை வூட்டுக்குப் போனோம். மலை ஊரு, செம குளிரு. அவங்கம்மா பெரிய சட்டிய அடுப்புல வச்சி, மாவக் கொட்டி, தடியால கிண்டு கிண்டுன்னு கிண்டறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்சி."

"பொகையா?"

"இல்லடா... களி!"

மக்காச்சோள மாவாம். மஞ்சள் களி. பொலெண்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையில் கொட்டி, ஆறினதும் நூலால் அறுத்து, முயல் குழம்போடு சாப்பிடுவார்களாம்.

"நூலாலயா? தைக்கறாங்களா துன்றாங்களா?" என்றேன்.

"நீ போனா உன் வாயத்தான் மொதல்ல தைப்பாங்க" என்றான்.

பிறகு பிளாரன்ஸ் பட்டணம். படிப்பு அங்கேதான். அந்த ஊர் மடங்களில் சாமியார்கள் சாப்பிட ஒரு பெரிய மண்டபம் இருக்குமாம். அதன் சுவரில் ஆண்டவரின் கடைசிப் பந்தியை எந்தக் காலத்திலோ எழுதிவைத்திருக்கிறார்கள். கீழே சாமியார்கள் சாப்பிட, சுவரில் ஆண்டவர் சாப்பிட... பந்திக்கு எதிர்ப்பந்தி! சவரி காலையில் போய் உட்கார்ந்தால், கதவு சாத்தும்வரை பார்த்துப் பார்த்து எழுதுவானாம்.

அந்தச் சுவர்ப்பட வேலையும் ஒரு வேடிக்கை. சுவரில் ஈரச் சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் வர்ணம் வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் வர்ணம் உள்ளே இறங்காது. அதனால் அன்றன்றைக்கு முடிகிற அளவுதான் பூசுவார்கள். இன்றைக்கு ஒரு முகம், நாளைக்கு ஒரு கை...

"அப்போ ஷிப்ட் வேலன்னு சொல்லேன்!" என்றார் கூட்டத்தில் ஒருத்தர். எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவுமே இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. புரிந்திருந்தால் ஏன் பாதியில் ஓடி வருகிறேன்?

பாலகாட் சுரங்கத்துப் பக்கம் எங்கள் லைனில் ஒரு சின்னக் கோயில். அதற்குப் புதுச் சுவர் எழுப்பியிருந்தோம். அதில் கடைசிப் பந்தியை எழுதச் சொல்லி, கமிட்டி சவரியிடம் கொடுத்தது. கமிட்டி என்றால் ஞானப்பிரகாசம் மேஸ்திரி. மற்றவர்கள் தலையாட்டுவதற்கு.

படம் பிடித்துப்போனால் மற்றக் கோயில்களிலும் சவரிக்கு வேலை கிடைக்கும். பிடிக்காவிட்டால்? பழையபடி கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கவேண்டியதுதான். ரோசம்மா ஜெபமாலையும் கையுமாகவே திரிந்தாள்.

துணி கட்டி மறைத்துக்கொண்டு, ஷிப்ட் ஷிப்டாக எழுதினான். ஒரே ஓரம் பாக்கி. சனிக்கிழமை மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. துணியை விலக்கிப் பார்த்துவிட்டார்.

ஆண்டவர் இருக்கிறார். கையில் அப்பம் இருக்கிறது, முன்னால் கிண்ணம் இருக்கிறது. சுற்றிலும் சீடர்கள் — எல்லாம் நம் லைன் முகங்கள். அதைக்கூட மேஸ்திரி பொறுத்துக்கொண்டார். மேஜை நடுவில், ஆவி பறக்க...

"இன்னாய்யா அது?"

"களி, மேஸ்திரி."

"களியா!"

"கேவுரு களி. பக்கத்துல கருவாட்டுக் கொழம்பு."

"ஏண்டா, கடல் தாண்டிப் போயி இத்தத்தான் கத்துகினு வந்தியா?"

சவரி பொறுமையாகத்தான் சொன்னான். "அங்க ஒருத்தரு மேஜ மேல செர்ரிப் பழம் போட்டுக்கீறாரு. இன்னொருத்தரு ஆத்து மீனு. அவங்கவங்க ஊர்ல இன்னா துன்றாங்களோ, அத்தத்தான் ஆண்டவருக்கு வச்சிக்கீறாங்க. அப்பத்தான மேஸ்திரி அவரு நம்ம வூட்டுக்கு வந்தா மாதிரி?"

மேஸ்திரி மண்டையில் ஏறவில்லை. எப்படி ஏறும்? மேஸ்திரி ஆன நாள்முதல் அவர் வீட்டில் நெல்லுச்சோறு. தெருவில் நின்று கை கழுவுவதே, விரலில் ஒட்டின பருக்கையை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

"களி ஜெயில்ல போட்றதுடா! ஆண்டவருக்கு ஜெயில் சோறா? நெல்லுச்சோறு வை. இல்லன்னா நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வெள்ள அடிச்சிடுவேன்!"

"காஞ்சிப் போச்சி மேஸ்திரி. வர்ணம் உள்ள பூந்துட்சி. இனிமே மாத்த முடியாது."

"அப்போ வெள்ளதான்."

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்தது. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் கதவோரம் தயாராக நின்றன. துணியை எடுத்தார்கள். சாமியார் வந்து சுவர்முன் நின்றார். வெள்ளைக்காரர், தமிழைப் புஸ்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கரிய உருண்டை யாது?"

சவரி வாயைத் திறந்தான். ரோசம்மா விரலில் ஜெபமாலை நின்றது. மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"களிங்க சாமி. ஜெயில்ல போட்றது. தெரியாம பண்ணிட்டான். இப்பவே வெள்ள அடிச்சிட்றேன்."

என் வாய் இருக்கிறதே... அது என்னைக் கேட்டுத் திறந்ததே இல்லை.

"அதுல இன்னா தப்பு மேஸ்திரி? அன்னிக்கி ராத்திரியே சேவகனுங்க வந்து ஆண்டவரப் புடிச்சிகினு பூட்டாங்க இல்ல? களி கரீட்டாத்தான் கீது!"

கோயில் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. போச்சு! கேலி பண்ணிப் பண்ணியே சிநேகிதனைக் கேஜில் ஏற்றிவிட்டேன். ரோசம்மா பார்த்த பார்வையில் நான் பாதி எரிந்துபோனேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் தாடி லேசாக ஆடியது. கோபமா, சிரிப்பா? தாடிக்குள் என்ன தெரியும்?

"இவன் பகடியாகச் சொன்னான்" என்றார் மெல்ல. "ஆயினும் பொய் சொல்லவில்லை. ஆண்டவர் அன்று கைதிதான்... மேஸ்திரியாரே, அந்த வாளியை அப்புறப்படுத்தும்."

அப்போதுதான் நான் விட்டேன், முதலில் சொன்னேனே, அந்தப் பெருமூச்சை!

மேஸ்திரி சும்மா விடுவாரா? "களி இருந்துட்டுப் போவட்டும் சாமி. ஒரு தட்டுலயாவது நெல்லுச்சோறு வைக்கச் சொல்லுங்க. நம்ம கௌரவம் இன்னா ஆவறது?"

சாமியார் சவரியைப் பார்த்தார். சவரி பாக்கியிருந்த ஓரத்தைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு ஷிப்ட் கீது சாமி. அதுல வச்சிட்றேன்" என்றான், ரொம்ப அடக்கமாக. அவ்வளவு அடக்கம் அவனுக்கு வந்தால் நான் உஷாராகியிருக்க வேண்டாமா?

கடல் தாண்டிப் போகிறவன் திரும்பி வரும்போது எதைக் கொண்டுவருவான் என்று பார்க்கத்தான் எல்லோரும் வாசலில் கூடுகிறோம். தொப்பியா, பூட்ஸா, இங்கிலீஷா? இவன் நம் அடுப்பிலிருந்த களியையே கொண்டுவந்துவிட்டான்! வீட்டில் தின்பதை வெளியில் சொல்ல வெட்கப்படாமல் இருக்க, ஒருத்தன் இத்தாலிவரை போய்வர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இந்த வாரம் அந்த ஓரமும் முடிந்துவிட்டது. பக்கத்து லைன் கோயில்காரர்கள் வந்து பார்த்து, எங்கள் சுவருக்கும் வா என்று சவரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேஜ் அவன் இல்லாமலே ஏறி இறங்குகிறது.

மேஸ்திரிக்கும் குறையில்லை. தட்டு நிறைய நெல்லுச்சோறு, மல்லிப்பூ மாதிரி! தினமும் வந்து பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு போகிறார். சோற்றை மட்டும்தான் பார்க்கிறார். சோற்றுக்குப் பின்னால், சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற ஆளை இன்னும் பார்க்கவில்லை.

யூதாஸ்!

மேஸ்திரிக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை. யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்... புண்ணியமாகப் போகும்!