தனபாலுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது

வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. தனபாலின் மச்சான் ரமேஷ். "அண்ணே, தனபால் மாமா போயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி வாசல்லயே..." ரயில் அப்படியே நின்றுவிட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்; நான் நம்பவில்லை.

ஆஸ்டின் டவுனில் தனபாலின் வெல்டிங் கடையை அறியாதவர் இந்தியாவிலேயே இருக்க முடியாது. காலால் மிதித்தால் மூடி தானே தூக்கிக்கொள்ளும் இட்லிக் கொப்பரையைச் செய்தவன் அவன். ஓசூர் ரோட்டில் அது இல்லாத ஓட்டலில் நான் கை நனைப்பதில்லை.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். சிங்கப்பூர் விமான நிலையத்தில் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து அவனுக்கு விவரித்தேன். நான் சொன்ன விதத்தில் அந்தத் தொட்டி பாட்டும் பாடியது. தனபால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூளை உங்களுது. நான் வெறும் கை" என்றான்.

ஒருமுறை வைட்ஃபீல்ட் கம்பெனி அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். இன்னோவேஷன் தனி மனிதனிடமிருந்து வருகிறதா, கூட்டத்திலிருந்து வருகிறதா என்று வெகுநேரம் பேசினார். எனக்கு எல்லாம் புரிந்தது. நடுவில் இரண்டு விஷயம் எடுத்தும் கொடுத்தேன். தனபால் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "சார், போன தடவை நீங்க லிவர் போட்டு நெம்புறதப் பத்திச் சொன்னீங்களே, அங்கதான் பொறி தட்டுச்சு" என்றான். அவர் பூரித்துப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கேட்டேன். "ஏன்டா, அது என் யோசனைன்னு சொன்னியே?"

"ஆளுக்கொரு பங்கு இருக்கட்டும்ணே. தன்னோடதுன்னு நெனச்சா எவனும் கொறை சொல்ல மாட்டான்" என்று சிரித்தான்.

காரியத்தன்று பங்குக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். டீக்கடை மஞ்சுநாத், "ஐடியா நந்து சுவாமி, என்னுது! என் பாய்லர் மூடியப் பாத்துதான் செஞ்சாரு" என்று அழுதார். ரமேஷ் தன் பைக் கியரைப் பார்த்துத்தான் என்றான். அதிகாரி லிவரைச் சொன்னார். நான் சிங்கப்பூரை ஆரம்பித்தேன். காது கொடுக்க ஆளில்லை.

பந்தி முடிந்ததும் அவன் மனைவி சரோஜா என்னைத் தனியே கூப்பிட்டாள். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் ஆட்களுக்கு மெஸ் நடத்துகிறவள். கொப்பரை மூடியைத் திறந்து திறந்து, ஆவியில் வெந்த தழும்பு அவள் இரண்டு மணிக்கட்டிலும் உண்டு. தனபால் முதல் கொப்பரையைச் செய்து கொண்டுபோய் வைத்தது அந்த மெஸ்ஸில்தான்.

"எல்லாரும் ஏதேதோ சொல்றாங்கண்ணே. எனக்காகத்தான் செஞ்சேன்னு உங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாரா?"

"சொன்னான்மா."

அவள் முகம் மலர்ந்தது. "என்னன்னு சொன்னாரு?"

வாழ்நாளில் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அவன் குரலில் ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, மோர் குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

தனபாலை அறிந்தவர்களே, உங்களுக்கு அவன் கொடுத்த பங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன் விட்டுப்போனது அவள் கேட்ட அந்தக் கேள்விதான். உங்களில் யாரிடமாவது அவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தயவுசெய்து நேராக அவளிடம் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.